மூன்றாவது சைபர்

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கமிருந்து ஐ-15 சாலையில் லாஸ் வேகாஸ் போகிறவர்களுக்கு பிரிம் தெரிந்திருக்கும். அதை ஊர் என்று சொல்வதே அதிகம். மணிக்கணக்காக மொஹாவி பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டு வந்து, எல்லையைத் தாண்டி நெவாடா மண்ணில் கால் வைத்ததும் கண்ணில் படுவது மூன்று கேசினோக்களும் ஒரு மஞ்சள் ரோலர் கோஸ்டரும்தான். வேகாஸுக்கு இன்னும் 40 மைல் இருக்கிறது. அதுவரை கை பொறுக்காதவர்களுக்காகவும், திரும்பி வரும்போது பையில் கடைசி இருபது டாலர் மிஞ்சியவர்களுக்காகவும் கட்டிய இடம்.

2025 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு, ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு அந்த வழியாகப் போனோம். மூன்றில் இரண்டு படுத்துவிட்டன. விஸ்கி பீட்ஸ் 2024 டிசம்பரிலேயே மூடியாயிற்று. பஃபலோ பில்ஸ் 2025 ஜூலையில் அன்றாட ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. ரோலர் கோஸ்டர் பல வருடமாகவே ஓடவில்லை, சும்மா வெயிலில் காய்கிறது.

மாமா விருதுநகரில் நாற்பது வருடம் பருப்பு மொத்த வியாபாரம் பார்த்தவர். கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளே, மெயின் ரோட்டு மேல இருக்கிற கடை. எப்படிப் படுத்துச்சு?" என்றார்.

நல்ல கேள்வி. காரணம் கலிஃபோர்னியாவிலேயே இருக்கிறது. 1988-ல் வந்த மத்திய அரசுச் சட்டம் பூர்வகுடிகளின் நிலத்தில் சூதாட்டத்துக்கு ஒழுங்கான வழி போட்டுக் கொடுத்தது. 2000-ல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு, அந்த நிலங்களில் ஸ்லாட் மெஷின், அதாவது காசு கட்டித் தட்டும் சூதாட்ட இயந்திரம், வைக்க அனுமதித்தார்கள். இப்போது எங்கள் பக்கத்தவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் பெச்சாங்கா, யாமாவா என்று பிரம்மாண்டமான கேசினோக்கள். பிறகு பிரிம்மில் எதற்கு வண்டியை நிறுத்த வேண்டும்? யாமாவாவை நடத்தும் அதே பழங்குடியினர் வேகாஸிலேயே பாம்ஸ் கேசினோவை வாங்கி, 2022-ல் திறந்துவிட்டார்கள் என்பது தனிக்கதை. எனக்கு அது பிடித்த கதையும்கூட.

மாமாவின் கேள்வி பிரிம்மோடு முடியவில்லை. மூன்று நாளும் என் கூடவே வந்தது.

நான் இருபது வருடமாக வருடத்துக்கு ஒரு தடவையாவது வேகாஸ் போகிறவன். சூதாட்டம் நல்லது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் வேகாஸ் தன் வாடிக்கைக்காரனோடு எழுதாத ஒப்பந்தம் ஒன்று வைத்திருந்தது. நீ தோற்கத்தான் போகிறாய், அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அதனால் மெதுவாகத் தோற்கவிடுகிறேன். அறை மலிவு, வயிறு முட்ட பஃபே, வண்டி நிறுத்தக் காசு கிடையாது, உட்கார்ந்த இடத்துக்குக் குடிக்க வரும். அந்த ஒப்பந்தத்தைத்தான் இப்போது ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வருகிறார்கள்.

முதலில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம். முதல் இரண்டு சீட்டில் ஒரு ஏஸும், ஒரு பத்தோ ராஜா, ராணி, ஜாக்கோ சேர்ந்தால் பிளாக்ஜாக். அதற்கு காலகாலமாக 3-க்கு 2 கொடுத்து வந்தார்கள். 10 டாலர் கட்டினால் 15 டாலர் லாபம். 2000-களின் தொடக்கத்தில் சில மேசைகளில் 6-க்கு 5 என்று சத்தமில்லாமல் மாற்றினார்கள். 10 டாலருக்கு 12 தான். ஆறும் ஐந்தும் பெரிய எண்கள், மூன்றும் இரண்டும் சின்ன எண்கள், அதனால் புதிதாக வருகிறவனுக்கு இது ஏதோ சலுகை மாதிரித் தோன்றும். நல்ல தந்திரம்.

பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை விழும். அப்படியென்றால் நீங்கள் கட்டும் ஒவ்வொரு 210 டாலருக்கும் 3 டாலர் கூடுதலாக எடுத்துக்கொள்கிறான். சரியாக ஆடத் தெரிந்தவனிடம் கேசினோவின் பங்கு அரை சதவீதம் அளவில்தான் இருந்தது. இந்த ஒரு மாற்றத்தில் அது இரண்டு சதவீதத்தை நெருங்கிவிட்டது. 15 டாலர் மேசையில் மணிக்கு 60 ஆட்டம் ஆடுகிறீர்கள் என்றால், பழைய கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு கேசினோ எடுக்கும் கூலி நாலரை டாலர். புதிய கணக்கில் 17 டாலர். சீட்டுக்கட்டும் டீலரும் சிரிப்பும் அதே. கூலி மட்டும் நாலு மடங்கு. இன்று ஸ்ட்ரிப்பில், அதாவது பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் சாலையில், சின்னத் தொகைக்கு ஆடும் மேசைகளில் பெரும்பாலும் 6-க்கு 5 தான்.

மாமாவுக்கு சீட்டில் ஆர்வமில்லை. பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட் சக்கரத்துப் பக்கம் போய் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் விரலால் எண்ணிவிட்டு வந்து கேட்டார்: "மாப்ளே, இங்க மூணு சைபர் இருக்கு. மூணாவது எதுக்கு?"

ஐரோப்பிய சக்கரத்தில் ஒரு சைபர். அமெரிக்காவில் இரண்டு. 2016 வாக்கில் ஸ்ட்ரிப்பில் மூன்றாவதைச் சேர்த்தார்கள், அது பல இடங்களுக்குப் பரவிவிட்டது. சைபர் போக 36 எண்கள். எண்ணில் கட்டி ஜெயித்தால் மூன்று சக்கரத்திலும் 1-க்கு 35 தான் தருவார்கள். ஒரு சைபரில் கேசினோவுக்கு 2.7 சதவீதம், இரண்டில் 5.26, மூன்றில் 7.69. நான் இதைச் சொல்லி முடித்ததும் மாமா, "எடைக்கல்லுக்கு அடியில புளி ஒட்டுற வேலை" என்றார். இல்லை மாமா, இது சட்டப்படி, எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். "அப்ப இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஸ்லாட் மெஷினைப் பற்றி ஒன்று மட்டும். பென்னி மெஷின் என்று பெயர், ஆனால் ஒரு காசுக்கு ஆட முடியாது. ஒரு தட்டு தட்ட பெரும்பாலும் 50 காசுக்கு மேல். 75 காசு கட்டித் தட்டினால் 30 காசு விழும், அதற்கு வெளிச்சமும் இசையுமாக ஒரு கொண்டாட்டம். 45 காசு போனதற்கு யாராவது மேளம் கொட்டுவார்களா? மணிக்கு 600 தடவை தட்டி, மெஷின் 10 சதவீதம் பிடித்துக்கொண்டால் 45 டாலர் காலி. சீட்டு மேசைக்குப் போக பயந்து, பாவம், ஓரமாக உட்கார்ந்து சில்லறைக்கு ஆடுகிற பாட்டிகள்தான் அந்தக் கூடத்திலேயே அதிகக் கூலி கொடுக்கிறார்கள். நெவாடா சட்டப்படி மெஷின் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தந்தால் போதும். நடைமுறையில் அதைவிட நிறையவே தருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஆட்டத்தில் எடுக்கிறார்கள், அது அவர்கள் தொழில். எனக்கு எரிச்சல் மற்றதில். அறை வாடகைக்கு மேல் ரிசார்ட் ஃபீ என்று தினமும் ஒரு தொகை, பெரிய ஹோட்டல்களில் 50 டாலரைத் தாண்டியும் போகும். நீச்சல் குளத்துக்கும் வைஃபைக்கும் என்பார்கள். கால் நனைக்காதவனும் கட்ட வேண்டும். 2025 மே மாதத்திலிருந்து முதலிலேயே மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அதாவது எடுப்பதை நிறுத்தவில்லை, ஒளிக்காமல் எடுக்கச் சொல்லியிருக்கிறது. 2016 வரைக்கும் ஸ்ட்ரிப்பில் பார்க்கிங் இலவசம், இப்போது பெரும்பாலான இடங்களில் அதற்கும் தனி பில்.

நாங்கள் தங்கிய ஹோட்டலில், பெயர் வேண்டாம், அறையில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். மாமாவின் இன்சுலின் பேனாக்களை வைக்க என் மனைவி இரண்டு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். குடிக்கவில்லை, திறக்கவும் இல்லை. பாட்டில் நகர்ந்ததை ஃப்ரிட்ஜ் கண்டுபிடித்து எங்கள் கணக்கில் எழுதிவிட்டது. ரிசப்ஷனில் பேசிப் பேசி பாட்டில் காசைக் குறைத்தார்கள். ஃப்ரிட்ஜைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியதற்கான கட்டணம் மட்டும் நின்றது. மாமாவிடம் இதை மறைக்கத்தான் பார்த்தோம், முடியவில்லை.

அன்று ராத்திரி அவர் சொன்னது எனக்குப் பல கட்டுரைகளைவிடத் தெளிவாக இருந்தது. "எங்க கடையிலயும் சீனியை அடக்க விலைக்குக் கொடுப்போம் மாப்ளே. சீனி வாங்க வர்றவன் பருப்பு, எண்ணெய், மல்லி எல்லாம் வாங்குவான், அதுல எடுத்துக்குவோம். இவன் முன்னாடி அப்படித்தான் பண்ணியிருக்கான். சோறும் ரூமும் சீனி. இப்ப சீனியிலயும் லாபம் வேணும், பருப்புலயும் ரெண்டு மடங்கு வேணும்னா, எவன் வருவான்?"

அவரிடம் கணக்கைக் காட்டினேன். 2024-ல் வேகாஸுக்கு வந்தவர்கள் 4 கோடியே 17 லட்சம் பேர். 2025-ல் அது சரிந்துகொண்டிருந்தது; வருடம் முடிந்து வந்த கணக்கில் 3 கோடியே 85 லட்சம். 2025 ஜூன் மாதத்தில் மட்டும் முந்தைய ஜூனைவிட 11 சதவீதத்துக்கு மேல் சரிவு. இதற்கு அரசியலும் காரணம்தான். அமெரிக்காவின் இறக்குமதி வரிச் சண்டையில் கோபப்பட்ட கனடாக்காரர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள், அவர்கள்தான் வேகாஸுக்கு வரும் வெளிநாட்டவரில் பெரிய கூட்டம். ஆனால் எல்லாப் பழியையும் கனடா மேல் போட்டுவிட்டு கம்பெனிகள் தப்பிக்கக் கூடாது. ஆட்கள் குறைந்த அளவுக்கு ஆட்ட வருமானம் குறையவில்லை என்பதுதான் விஷயம். வருகிற ஒவ்வொருவரிடமும் கூடக் கறக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

ஏன் இப்படி? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், ஆனால் அந்தக் காலத்து முதலாளிகள் ஒன்றும் புனிதர்கள் இல்லை. 1946-ல் ஃபிளமிங்கோவைத் திறந்த பக்ஸி சீகல் அடுத்த வருடமே சுட்டுக் கொல்லப்பட்ட ரவுடி. மாறியது கட்டடங்களின் சொந்தக்காரர்கள். இன்று சீசர்ஸ் பேலஸ், எம்ஜிஎம் கிராண்ட், வெனிஷியன் மூன்றும் விச்சி என்ற ஒரே நில நிறுவனத்தின் சொத்து. பெலாஜியோவின் கட்டடத்தை 2019-ல் 425 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருந்துகொண்டார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை கட்டியாக வேண்டும், அதுவும் வருடா வருடம் ஏறும். மாமா இதை நம்பவே இல்லை. "சொந்தக் கடையை வித்துட்டு அதுலயே வாடகைக்கு உட்கார்ந்தானா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

தொழிலாளர் சம்பளம் ஏறியதுதான் காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சமையல் தொழிலாளர் சங்கம் (அறை துடைக்கிறவர்களும் இதில்தான்) 2023-ல் வாங்கிய உயர்வு ஐந்து வருடத்துக்கு 32 சதவீதம் அளவு. அறை துடைக்கிற பெண்மணி அந்த ஊரில் சொந்த வீடு வாங்க முடிகிறது என்றால் அதற்கு அந்தச் சங்கம்தான் காரணம். அது வேகாஸின் பெருமை.

சுற்றிப் பார்க்கிறவர்கள் இந்த ஊரைத் திட்டுவது தண்ணீரை வைத்துத்தான். பாலைவனத்தில் நீரூற்றா என்பார்கள். அந்தப் பழி நியாயமில்லை. ஹோட்டல் குழாயிலும் கழிப்பறையிலும் போகிற தண்ணீரைச் சுத்திகரித்து, ஊருக்குத் தண்ணீர் வரும் மீட் ஏரிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெலாஜியோ நீரூற்றுக்கு, அங்கே முன்பிருந்த கோல்ஃப் மைதானத்தின் கிணற்றுத் தண்ணீர். உண்மையில் நீரைக் குடிப்பது புல்தரைதான். அதனால்தான் யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2021-ல் தடைச்சட்டம் கொண்டுவந்தார்கள்.

எனக்குப் பாலைவனம் வேறு விதத்தில் முக்கியம். 1931-ல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியபோது, அந்தப் பாலைவனமே ஒரு வேலி மாதிரி இருந்தது. சூதாட வேண்டும் என்றால் லீவு போட்டு, வண்டியெடுத்து, நாலு மணி நேரம் காய்ந்து போக வேண்டும். திரும்பி வரும் வழியில் யோசிக்க இன்னொரு நாலு மணி நேரம். 2018 மேயில் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மேலிருந்த தடையை எடுத்த பிறகு, பெரும்பாலான மாநிலங்களில் அது போனுக்கே வந்துவிட்டது. நம் ஊரில் ஆன்லைன் ரம்மி வீடுகளுக்குள் என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டது, 2025 ஆகஸ்டில் இந்தியா முழுவதற்கும் தடைச்சட்டம் வந்தது. வேலி போன பிறகு புதிதாகக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அந்த இழுபறியே சாட்சி.

போனில் ஆடலாம், பக்கத்து ஊர்ப் பழங்குடி கேசினோவில் ஆடலாம். அப்புறம் எதற்கு ஒருவன் பாலைவனம் தாண்டி வேகாஸ் வர வேண்டும்? போன் தர முடியாததை அது தர வேண்டும். உபசாரத்தை, ராஜா மாதிரி ஒரு இரண்டு நாளை. 1989-ல் திறந்து எரிமலை வெடிக்கவிட்ட மிராஜ் அதைத்தான் விற்றது. அதை 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். 1957-லிருந்து நின்ற டிராபிகானாவை அதே வருடம் அக்டோபரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள், பேஸ்பால் மைதானம் வருகிறதாம். கட்டடம் போனால் போகட்டும், அந்த ஊருக்கு இடிப்பதும் ஒரு வேடிக்கைதான். ஆனால் தன்னிடம் மட்டும் இருந்த சரக்கை, அந்த உபசாரத்தை, ஃப்ரிட்ஜ் கட்டணத்துக்கும் மூன்றாவது சைபருக்கும் விற்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கடைசி நாள் மாமாவை டவுன்டவுனுக்கு அழைத்துப் போனேன். எல் கோர்டெஸ், 1941-லிருந்து இருக்கிற கேசினோ. கம்பளம் பழசு, சிகரெட் வாடை. ஆனால் மேசை விரிப்பில் 3-க்கு 2 என்று அச்சடித்திருந்தது. 15 டாலர் மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், மாமா பின்னால் நின்று பார்த்தார். 45 டாலர் போயிற்று.

வெளியே வரும்போது, "இதுல அவன் கூலி எவ்வளவு?" என்றார்.

"கணக்குப்படி ஒன்பது டாலர் மாமா."

"மிச்சம்?"

"என் கெட்ட நேரம்."

தலையாட்டிக்கொண்டார். வண்டியில் ஏறிய பிறகுதான், காபி கொண்டுவந்த அம்மாவுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. திரும்பப் போகச் சொன்னார். போனோம்.