வெறும் சர்க்கரைத் தண்ணீர் இல்லை

அந்தக் கால நரம்பு டானிக்குகள் எல்லாம் சர்க்கரைத் தண்ணீர்தான், யாருக்கும் கெடுதல் இல்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஒத்துக்கொள்ள முடியவில்லை. பலவற்றில் சாராயம் இருந்தது. சிலவற்றில் எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் என்ற விஷம்கூட உண்டு. அமெரிக்காவில் 1906-ல் வந்த உணவு, மருந்துச் சட்டத்துக்குப் பிறகுதான் மது, அபின், கோகெயின் இருப்பதை லேபிளில் போட வைத்தார்கள். நரம்பை அமைதிப்படுத்தவென்று கொடுத்த புரோமைடு உப்பு இன்னும் மோசம். உள்ளே போனதில் பாதி வெளியேறவே சுமார் 12 நாள் ஆகும். தினமும் குடித்தால் உடம்பில் சேர்ந்துகொண்டே போய் மறதி, தள்ளாட்டம், பிதற்றல் வரை கொண்டுபோய் விடும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொரு பாட்டில் வாங்குவார்கள்!

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சிக்கு, தாத்தா போன பிறகு, கம்பவுண்டர் கலக்கித் தந்த மிக்சர்தான். பாட்டிலின் பக்கவாட்டில் படிப்படியாக வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். வேளைக்கு ஒரு படி. அதைக் குடித்துவிட்டுப் பகலெல்லாம் திண்ணையில் தூங்கி வழிவாள். 'மனசே சரியில்லய்யா' என்று அவள் சொன்னதை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிரான சட்டம் இந்தியாவில் 1954-லேயே வந்துவிட்டது. அப்புறமும் 'நரம்புத் தளர்ச்சியா?' என்ற சுவரொட்டிகள் கண்ணில் படத்தான் செய்கின்றன. தயவுசெய்து கட்டுரையின் அடியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் இலவச எண் 14416-ஐயாவது சேர்த்துப் போடுங்கள்.