பதினேழு பி-க்குத் தப்பிய பூங்கா

முப்பது ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்தப் புத்தி எளிதில் போகாது. சண்டிகர் ராக் கார்டனுக்குப் போயும், சிற்பங்களை ரசித்ததைவிட "இதை எப்படி இடிக்காமல் விட்டார்கள்?" என்று யோசித்த நேரமே அதிகம்.

அதைத் தனியாளாகக் கட்டத் தொடங்கிய நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். பிரிவினையில் சொந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போக, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே திட்டமிட்ட புதிய நகரமான சண்டிகருக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளைச் சைக்கிளில் அள்ளிவந்து, சுக்னா ஏரியருகே கட்டடமே எழும்பக் கூடாதென்று ஒதுக்கிய காட்டுக்குள் சேர்த்தார். பகலில் துறை வேலை. இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் சிற்ப வேலை. 1957 வாக்கில் தொடங்கியது, 1970களின் நடுவில்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. அதற்குள் அது ஏக்கர் கணக்கில் பரவிவிட்டது.

அரசு நிலம், அரசு ஊழியர், அனுமதி இல்லை. நம் ஊர் அலுவலகமாக இருந்தால் முதலில் ஒரு குறிப்பாணை, அடுத்து பதினேழு பி என்கிற, பெரிய தண்டனைக்கு வழிசெய்யும் குற்றச்சாட்டு, அதற்கும் முன்பே புல்டோசர். நானே அப்படிக் குறிப்பு எழுதியிருப்பேன், மறைப்பானேன்? ஆனால் சண்டிகர் நிர்வாகம் 1976-இல் அதைப் பூங்காவாகத் திறந்துவைத்து, அதற்கென்றே அவருக்குச் சம்பளமும் உதவிக்கு 50 தொழிலாளர்களும் கொடுத்தது. பத்மஸ்ரீ 1984-இல் வந்தது. அந்தக் கோப்பில் முதலில் "இருக்கட்டும்" என்று எழுதிய கைக்கும் ஒரு சிலை வைக்கலாம்.

உள்ளே வாசல்கள் குட்டையானவை. எவ்வளவு பெரிய மனிதரும் குனிந்துதான் நுழைய வேண்டும். குறுகிய சந்துகள் தாண்டித் திடீரென்று ஒரு வெளி. அதில் வரிசை வரிசையாக மனிதர்கள், குரங்குகள், பறவைகள். உடல் முழுக்க உடைந்த கண்ணாடி வளையல். சுவரில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், கழிவறைப் பீங்கான் சில்லுகள். "என்னங்க, ஊர் வளைகாப்பு வளையலெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது போல" என்றார் மனைவி. முகங்களில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ஊரைக் காலி செய்யச் சொன்னதும் தெருவில் வந்து நின்றவர்கள் போல நிற்கிறார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது.

நின்று பார்க்கத்தான் விடமாட்டார்கள். ஒருவழிப் பாதையில் பின்னாலிருந்து கூட்டம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கடைசிப் பகுதியின் ஊஞ்சல் கூச்சலில் என் மனம் ஒட்டவில்லை. பேரனை அழைத்துப் போயிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

1980களின் இறுதியிலேயே பக்கத்து உயர் நீதிமன்றத்தின் வாகன நிறுத்தத்துக்காகப் பூங்காவின் மேல் கண் விழுந்தது. மக்கள் குறுக்கே நின்று காப்பாற்றினார்கள். 2025 மார்ச்சில் அதே நீதிமன்றத்தின் போக்குவரத்தையும் வாகன நிறுத்தத்தையும் காரணம் காட்டி, சுவரின் ஒரு பகுதியை இடித்தேவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது, பலன் இல்லை. அனுமதியில்லாமல் கட்டியதை அன்று விட்டுவைத்த ஊர், பத்மஸ்ரீ வாங்கியவர் கட்டியதை இன்று இடிக்கிறது.

அந்தச் சுவரின் இடிபாடுகளை எந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டியதோ. சைக்கிளில் போய் அள்ளிவர நேக் சந்த் இல்லை, 2015-இல் இறந்துவிட்டார்.