ரெஃபர்னா திரும்பப் பாக்கணும், ஆம்பளப் புள்ளையா இருந்தாலும்

முந்தாநாள் எழுதினேனே, அந்தப் பச்சை உடம்புக்காரி விஷயம், இன்னும் மனசு ஆறல. ரெண்டு நாள் குழந்தைக்குக் காது கேக்குதான்னு டெஸ்ட் எடுத்தாங்க. இடது காது ‘ரெஃபர்’, அதாவது பாஸ் ஆகல. “ஆம்பளப் புள்ளைக்கு அப்படித்தான் வரும், வலது காது பாஸ் ஆயிடுச்சுல்ல”ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கு வக்காலத்து வாங்கவும் ஆளுங்க. “அது சயின்ஸ்தானே அக்கா?”

சயின்ஸ்தான். காதுக்குள்ள க்ளிக் சத்தம் அனுப்பினா உள்காது மெல்லிசா ஒரு பதில் சத்தம் குடுக்கும். 1978-ல லண்டன்ல டேவிட் கெம்ப் கண்டுபிடிச்சது. குழந்தைக்கு எடுத்த ஓஏஇங்கற அந்த டெஸ்ட் அதைத்தான் பிடிக்குது. அந்தப் பதில் பெண் குழந்தைக்குக் கொஞ்சம் கூட, வலது காதுல கொஞ்சம் கூட. எல்லாம் சராசரிக் கணக்கு! நல்லாக் கேக்கற நிறைய காதுகளைச் சேத்துப் பாத்தாத்தான் தெரியற சின்ன வித்தியாசம். அதை வெச்சு மடியில கிடக்கற ஒரு குழந்தைக்குத் தீர்ப்பு எழுதுவீங்களா? ரெஃபர்னா திரும்பப் பாக்கணும்.

என் பையன் பிறந்தப்ப என்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க. நம்பினேன். அப்புறம் அவனுக்கு நாலு வயசு. ஒரு ராத்திரி வலது காது தலகாணியில அழுந்தப் படுத்திருந்தான். பக்கத்துல உக்காந்து மூணு தடவை கூப்பிட்டேன். முழிச்சுத்தான் இருக்கான், சுவத்துல பல்லியைப் பாத்துட்டிருக்கான். திரும்பல. தோளைத் தொட்டதும் சிரிச்சான்.

“பயமுறுத்தாதீங்க, பெரும்பாலும் மறு டெஸ்ட்ல பாஸ் ஆயிடும்”பீங்க. ஆகும். பிறந்த ஒண்ணு ரெண்டு நாள் காதுல வெள்ளை மாவு அடைச்சிருக்கும், நடுக்காதுல தண்ணி நிக்கும். அதுக்குத்தானே மறு டெஸ்ட்! பாக்காமலே பாஸ் போட யாருக்கு உரிமை? ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு குழந்தை நிஜமாவே காது கேக்காமப் பிறக்குது. ஒரு மாசத்துக்குள்ள ஸ்கிரீனிங், 3 மாசத்துக்குள்ள என்னன்னு உறுதி, 6 மாசத்துக்குள்ள சிகிச்சை. இதுல எங்கயாவது ஆண், பெண்ணுன்னு இருக்கா?

“ஒரு காது கேக்குதே, போதாதா?” இதுக்குப் பதில் சொல்லவே வாய் வரல. ஹாரன் எந்தப் பக்கம்னு என் பையனுக்குத் தெரியாது. நாப்பது பிள்ளைங்க கத்தற கிளாஸ்ல டீச்சர் குரல் பிரியாது. எல்.கே.ஜி. டைரியில ‘சொன்ன பேச்சு கேக்கறதில்ல’ன்னு எழுதி அனுப்பினாங்க. “செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே”ன்னாங்க சொந்தக்காரங்க. அந்த டைரியைப் பாத்துட்டு நான் அவனை அடிச்சிருக்கேன். ஆமா, அடிச்சிருக்கேன். காதை யாரும் பாக்கல, நானும் பாக்கல.

அந்தப் பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் வர்ற புதன்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். குழந்தை தூங்கினாத்தான் டெஸ்ட் ஒழுங்கா எடுக்க முடியும், பால் குடுத்துத் தூங்க வெச்சுக் கிளம்பச் சொல்லியிருக்கேன். ரெண்டு காதும் பாக்காம அங்கேருந்து நகர மாட்டேன்.