எரிச்சலும் ஒரு டெஸ்ட் ரிசல்ட்தான்

மென்பொருள் டெஸ்டிங்கில் உணர்ச்சிக்கு இடமில்லை என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, பாஸா ஃபெயிலா, அதோடு வேலை முடிந்தது. "என்னவோ சரியாகப் படவில்லை" என்று ஒரு டெஸ்டர் மீட்டிங்கில் வாய் திறந்தால் போதும், "ரெக்வயர்மென்ட்டில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்ற கேள்வி உடனே வந்து விழும். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த அந்தப் பட்டியலில் அது இருக்காது, காட்ட முடியாது. அவர் பதிந்த பிழைப் புகாரை, அதாவது டிக்கெட்டை, மூடிவிடுவார்கள்.

இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரு திரையைப் பார்த்ததும் வருகிற எரிச்சல், குழப்பம், சலிப்பு, லேசான பயம், இவையெல்லாம் தகவல். டெஸ்டரின் வேலை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு பேமென்ட் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்துகிறீர்கள். நிறம் மாறவில்லை, சுற்றும் வட்டம் வரவில்லை, அப்படியே நிற்கிறது. 4 விநாடி கழித்து "வெற்றி" என்று வருகிறது. டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட்டுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது, அதை 30 விநாடி வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறோம், அது பாட்டுக்குக் காத்திருந்து பச்சை காட்டிவிட்டுப் போய்விடும். மனுஷருக்கு அந்த 4 விநாடியில் வயிற்றைப் பிசையும். பணம் போய்விட்டதா, போகவில்லையா, இன்னொரு தடவை அழுத்தலாமா என்று விரல் தானாகவே பட்டனுக்குப் போகும். தனக்கு வந்த அந்தப் பதற்றத்தை மதிக்கிற டெஸ்டர் நிஜமாகவே இரண்டாவது தடவை அழுத்திப் பார்ப்பார். அப்புறம் பிரவுசரில் நெட்வொர்க் டேபைத் திறந்து சர்வருக்கு எத்தனை ரிக்வெஸ்ட் போயிருக்கிறது என்று பார்ப்பார். இரண்டு போயிருந்து, சர்வர் இரண்டையும் தனித்தனிப் பரிவர்த்தனையாக எடுத்துக்கொண்டிருந்தால், யாரோ ஒருவர் கணக்கில் இரண்டு தடவை பணம் கழியப்போகிறது. எழுதிவைத்த டெஸ்ட் கேஸ் எதிலும் அந்த இரண்டாவது கிளிக் இருந்திருக்காது.

மைக்கேல் போல்டன் போன்ற டெஸ்டிங் பயிற்சியாளர்கள் பல வருடமாக இதை வலியுறுத்துகிறார்கள்: உணர்ச்சி வந்தால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே, எதனால் வந்தது என்று தேடிப் போ. அந்தத் தேடல்தான் திறமை. "பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதை நான் டெஸ்டிங் என்று சொல்ல மாட்டேன்.

2014 டிசம்பரில் ஃபேஸ்புக், அந்த வருடத்தில் நீங்கள் போட்ட படங்களைத் தொகுத்து ஒரு கொண்டாட்ட அட்டை மாதிரி காட்டியது நினைவிருக்கலாம். வெப் டிசைன் துறையில் பலரும் அறிந்த எரிக் மேயருக்கு வந்த அட்டையில் அவருடைய மகளின் படம், சுற்றிலும் ஆடிப்பாடும் உருவங்கள். அந்தக் குழந்தை அதே வருடம் ஆறு வயதில் மூளைப் புற்றுநோயால் இறந்திருந்தாள். கோட் ஒரு இடத்திலும் பிழை செய்யவில்லை, எல்லா டெஸ்ட்டும் பாஸாகியிருக்கும். படத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டாதீர்கள், வேண்டுமா என்று முதலில் கேளுங்கள் என்றுதான் மேயர் எழுதினார். எவ்வளவு எளிய திருத்தம்! ஆனால் அது தோன்ற வேண்டுமென்றால், "இந்த வருடம் மோசமாகப் போன ஒருவர் இதைத் திறந்தால்?" என்று யாராவது ஒருவர் ஒரு நிமிடம் அந்த இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

உணர்ச்சி மரத்துப்போனால் நடப்பது இதைவிடக் கொடுமை. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தால் 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள் நடந்தன, குறைந்தது மூன்று பேர் இறந்தார்கள். திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று வரும், அதற்கு என்ன அர்த்தம் என்று கையேட்டில் விளக்கம் கிடையாது. இப்படிப் பல செய்திகள் ஓயாமல் வந்துகொண்டிருந்ததால், இயக்குபவர்கள் "பி" விசையைத் தட்டிவிட்டு வேலையைத் தொடரப் பழகிப்போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிற திரை, மனிதனின் பயத்தைத் தின்றுவிடும்.

டெக்சாஸின் டைலர் நகரில் 1986இல் இரண்டு விபத்துகள் நடந்த பிறகு, அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், இயந்திரத்தை இயக்கியவரோடு உட்கார்ந்து அந்தப் பிழையை மறுபடி வரவைக்க விடாமல் முயன்றார். கடைசியில் பிடிபட்டது: தவறாக அடித்த மோடை, அதாவது கதிர்வீச்சின் வகையை, திருத்திவிட்டு மளமளவென்று அடுத்த படிக்குப் போனால் பிழை வருகிறது, நிதானமாகத் தட்டினால் வரவில்லை. அந்த வேகத்தைச் சொல்லும் வரை தயாரிப்பாளரின் பொறியாளருக்கே அதை வரவைக்க முடியவில்லை. கை பழகியவரின் அவசரமும் ஒரு டெஸ்ட் கண்டிஷன்தான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்று நம் ரீக்ரெஷன் ரன்னில், அதாவது புது மாற்றம் பழையதைக் கெடுத்துவிட்டதா என்று பார்க்க டெஸ்ட்களை மறுபடி ஓட்டும்போது, சிவப்பு வந்தால் என்ன செய்கிறோம்? "அது ஃப்ளேக்கி, காரணமில்லாமல் சில நேரம் ஃபெயிலாகும், மறுபடி ஓட்டு." அதுவும் அந்த "பி" விசைதான்.

உணர்ச்சி நம்மை ஏமாற்றவும் செய்யும், அதுவும் உண்மை. ரிலீஸ் நெருங்கும்போது கெட்ட செய்தி சொல்லப் பயம் வரும், நன்றாகப் பழகிய டெவலப்பரின் கோட் என்றால் கை கொஞ்சம் இளகும். இதை மறைக்க மறைக்கத்தான் ஆபத்து. வாய்விட்டுச் சொன்னால் வேறொருவரை அந்தப் பகுதியைப் பார்க்கச் சொல்லலாம்.

ஆகவே டெஸ்டர் நண்பர்களே, டிக்கெட்டில் எழுதுங்கள். "மோசமான அனுபவம்" என்று மொட்டையாக எழுதாமல், "பட்டனை அழுத்தியதும் 4 விநாடிக்கு எதுவும் மாறவில்லை, பணம் போனதா என்று பயந்து மறுபடி அழுத்தினேன், இரண்டு ரிக்வெஸ்ட் போனது" என்று எழுதுங்கள், அதை யாரும் சுலபமாக மூட முடியாது. லீடாக இருப்பவர்கள், எத்தனை பாஸ் என்று கேட்ட கையோடு, பயன்படுத்தும்போது எங்கே எரிச்சல் வந்தது என்றும் கேளுங்கள். முதலில் எல்லோரும் தயங்குவார்கள். ஒருவர் சொன்னதும் அதற்காக அவரை மடக்காமல் இருந்தால் மற்றவர்களும் பேச ஆரம்பிப்பார்கள்.