வைப்பர் கையாட்டக் கூடாதா?

அந்த பத்தாங்கிளாஸ் பரீட்சைப் பேப்பர் போட்டோ பத்தி ஒண்ணும் எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன், கமெண்ட்ஸ் படிச்சப்புறம் முடியல.

தற்குறிப்பேற்ற அணியை எடுத்துக்காட்டுடன் விளக்குக. அவ்ளோதான் கேள்வி. இயல்பா நடக்குற ஒண்ணு மேல கவிஞர் தன் குறிப்பை ஏத்திச் சொல்றதுன்னு புள்ள விளக்கத்தை கரெக்டா எழுதிட்டு, மழையில வந்த பஸ்ஸோட வைப்பர் 'ஏறாத ஏறாத'ன்னு கையாட்டுச்சுன்னு சொந்தமா ஒரு எடுத்துக்காட்டும் குடுத்திருக்கு. சிவப்பு மையில முட்டை!

புக்குல என்ன இருக்கு? கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வர்றப்போ மதில் மேல கொடி காத்துல ஆடுது, அது 'வாரல்'னு, அதாவது வராதீங்கன்னு, கை காட்டுற மாதிரி இருக்குன்னார் இளங்கோ. கொடி வராதேங்குது, வைப்பர் ஏறாதேங்குது. சொந்தமா ஒண்ணு சொல்லத் தெரிஞ்சாதானே அணி புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்?

"வைப்பர் மெஷின், இயற்கை இல்ல"ன்னு ஒரு அறிஞர். ஏன் சார், கொடி மட்டும் மரத்துல காய்ச்சுதா? அதுவும் மனுஷன் தச்சு ஏத்தினதுதான். "விடைக்குறிப்புல செய்யுள்தான் இருக்கு"ன்னு இன்னொருத்தர். இருக்கட்டும், அப்போ கேள்வியிலயும் செய்யுள்னு போடுங்க.

எங்க அத்தை பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல. நான் லேட்டா எந்திரிச்சா, "வாங்க தொரை, உங்களைக் கேக்காம சூரியன் வந்திருச்சு, மன்னிச்சுக்கங்க"ம்பாங்க. அசல் வஞ்சப்புகழ்ச்சி, அதாவது புகழ்ற மாதிரி குத்துற அணி. கிளாஸ்லயோ 'தேவர் அனையர் கயவர்', குறள் 1073, மனப்பாடம். தேவரும் கயவரும் இஷ்டத்துக்கு நடப்பாங்க, அதனால ரெண்டும் ஒண்ணுன்னு வள்ளுவர் குத்துறார்னு யாராவது சிரிச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்தாங்களா? எங்க அத்தை பேசுறதுதான் இதுன்னு ஒரு வாத்தியார் கூட சொல்லல. அது இன்னிக்கும் வலிக்குது.

"ஆசிரியர்களை அவமானப்படுத்துறீங்க"ன்னு சொல்றவங்களுக்கு, நான் யாரையும் பேர் சொல்லல. அவங்க கட்டுக் கட்டா பேப்பர் திருத்துற கஷ்டமும் தெரியும். ஆனா சொந்தமா யோசிச்ச புள்ளைக்கு முட்டை, கைடைப் பாத்து கொடியை ஒப்பிச்ச புள்ளைக்கு ஃபுல் மார்க், இதுக்குப் பேரு தமிழ்ப் பாடமா? இப்படி அடிச்சு விரட்டிட்டு, பதினொண்ணாவதுல மார்க் ஈஸியா வரும்னு புள்ளைங்க பிரெஞ்சு எடுத்தா மட்டும் தமிழ் அழியுதுன்னு ஸ்டேட்டஸ் போட வந்துருவோம். அதே வாய்தான், அதே போன்தான்.

அப்புறம், "நீ என்ன தமிழ் எம்.ஏ.வா?"ன்னு கேட்டவருக்கு. இல்லங்க, பி.காம். உவமையைப் பத்திச் சொல்ற உவமவியல் தொல்காப்பியப் பொருளதிகாரத்துல ஏழாவது இயல்னு கூகுள் பாக்காம சொல்வேன். ஆசையில படிச்சது. யாரும் எனக்கு மார்க் போட வேணாம்.