குளத்தைப் போலக் கட்டிய பூங்கா

கடந்த மாதம் ஒரு பயிற்சிநெறிக்காகப் பாங்கொக் சென்றிருந்தபோது, கிடைத்த ஒரேயொரு ஓய்வு மாலையைச் சுலாலொங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டுப் பூங்காவில் கழித்தேன். உடன் வந்தவர்கள் கடைத்தொகுதிகளுக்குப் போனார்கள். கிளிநொச்சியில் குளக்கட்டு ஒன்றின் கீழே பிறந்து வளர்ந்த எனக்கு, மழைநீரைத் தேக்குவதற்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது என்று கேள்விப்பட்ட பின் அதைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை.

1917இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் தன் நூறாவது ஆண்டை நினைவுகூர 2017இல் திறந்த பூங்கா அது. பரப்பு ஏறத்தாழ 11 ஏக்கர். நகரத்தின் நடுவே, வணிகக் கட்டடங்கள் எழுப்பியிருந்தால் பெருந்தொகை ஈட்டித் தந்திருக்கக்கூடிய தன் சொந்தக் காணியை, பல்கலைக்கழகம் ஊர்மக்கள் வந்து உட்காருவதற்காக விட்டிருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் உள்ளே போனபோது எவரும் என்னிடம் அடையாள அட்டை கேட்கவில்லை.

கொச்சகோர்ன் வோராகோம் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் தன் குழுவினருடன் இதை உருவாக்கினார். பாங்கொக் ஆற்றுப்படுகையின் மேல் அமைந்த தட்டையான நகரம். சீமெந்தால் மூடப்பட்ட அதன் நிலத்தில் பெய்யும் மழைக்குப் போக வழியில்லை. 2011ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை அந்நகரத்தார் இன்னும் மறக்கவில்லை. ஆகவே அவர் பூங்காவைத் தட்டையாக அமைக்காமல், முழு நிலத்தையும் 3 பாகை அளவு சாய்த்துவிட்டார். மேட்டுப் பக்கத்தில் புல் வளர்ந்த கூரையுடைய கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஏறி நடக்கலாம். கூரையில் விழும் மழை மண்ணில் ஊறி அடியிலுள்ள தொட்டிகளில் சேர்கிறது. மிகுதி நீர் இருபக்கமும் நாணலும் நீர்த்தாவரங்களும் வளர்ந்த ஈரநிலப் படிகளில் இறங்கித் தெளிந்து, தாழ்ந்த முனையிலுள்ள குளத்தை அடைகிறது. பூங்கா முழுவதிலுமாக ஏறக்குறைய பத்து இலட்சம் கலன், அதாவது சுமார் 38 இலட்சம் லீற்றர் நீரைத் தாங்கலாம். பெருமழை பெய்தால் குளம் நடுப்புல்வெளியின் மேல் ஏறி, ஏறத்தாழ இரு மடங்காக விரியும். அப்படி விரிவதற்காகவே அந்தப் புல்வெளி அங்கே விடப்பட்டிருக்கிறது.

குளக்கரையில் நிலையாகப் பொருத்தப்பட்ட மிதிவண்டிகள் சில இருந்தன. மிதித்தால் நீர் கலங்கிக் காற்று உள்ளே போகும். தேங்கிய நீர் கெடாமலிருக்க அந்த ஏற்பாடு. பாடசாலைச் சீருடையுடன் வந்த சிறுமி ஒருத்தி, அருகில் தாய் நிற்க, வெகுநேரம் மிதித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டும் பராமரிப்பும் ஒரே செயலாகிவிட்ட அந்தக் காட்சி என் மனதை விட்டு இன்னும் அகலவில்லை.

அங்கிருந்தே ஐயாவுக்கு அழைப்பெடுத்து, தொலைபேசியின் கமராவைத் திருப்பிக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் பார்த்திருந்தவர், “உது குளமெல்லோ பிள்ளை. அலைகரையில புல்லு விட்டிருக்கிறாங்கள்” என்றார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. வன்னியில் எந்தக் குளத்துக்கும் அலைகரை உண்டு. மாரியில் நீர் ஏறி மூடும். கோடையில் நீர் இறங்கியபின் மாடுகள் மேயும், பிள்ளைகள் பந்தடிப்பார்கள். அது குளத்துக்குரிய இடம் என்பதால் அங்கே வீடு கட்டக் கூடாது என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்த நீர் கீழ்க்குளத்துக்குப் போகும். பாங்கொக்கில் நான் பார்த்த அமைப்பின் அடிப்படை நமக்குப் புதிதன்று. ஆனால் அதை ஒரு பல்கலைக்கழகம் தன் அறிவாகவும் தன் பொறுப்பாகவும் ஏற்று, ஊருக்குத் திறந்துவைத்திருப்பதுதான் நமக்குப் புதிது.

நம்மிடமும் பல்கலைக்கழக வளாகங்கள் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. இரணைமடுக் குளம் பக்கத்திலேயே கிடக்கிறது. பம்பைமடுவில், 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மண்ணை அறிந்தவர்களும் நீரோட்டத்தைக் கணிப்பவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கும் வாய்ப்பு எல்லா ஊர்களுக்கும் கிடைப்பதில்லை. இந்த வளாகங்களில் ஓரிரு ஏக்கரையாவது, வீதியிலிருந்து நேரே நுழையக்கூடிய ஓரமாகப் பார்த்து, நீர் தேக்கும் பொதுப் பூங்காவாக அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாணவர்களின் படிப்புக் குழம்பும் என்பார்கள். பாங்கொக் பூங்கா விரிவுரை மண்டபங்களுக்கு நடுவே இல்லை; பல்கலைக்கழகத்தின் வணிகக் காணிகள் உள்ள பக்கத்தில் இருக்கிறது. இடத்தைச் சரியாகத் தெரிவுசெய்தால் அந்தச் சிக்கல் எழாது. தண்ணீர் எங்கே என்ற கேள்வி அதைவிடக் கனமானது. நம் கோடையில் பசும்புல்லை உயிரோடு வைத்திருக்க முயல்வது வீண் செலவு மட்டுமன்றி, கிணறு வற்றிய அயலவர்களுக்குச் செய்யும் அநியாயமும் ஆகும். எனவே புல்தரையையும் குரோட்டன் வரிசையையும் விட்டுவிட்டு, நாவல், வேம்பு, புளி, பாலை என்று இந்த மண் தாங்கும் மரங்களை நட வேண்டும். கோடையில் பூங்கா காய்ந்து கிடந்தால் கிடக்கட்டும். நிழல் இருந்தால் போதும்.

2018 டிசெம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்ட நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் பாடசாலைகளில் தங்கியிருந்தன. ஒரு பூங்கா அந்த வெள்ளத்தைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பெய்யும் மழையை விழுந்த இடத்திலேயே கொஞ்சம் பிடித்துவைப்பது எப்படி என்பதை ஒரு பிள்ளை கண்ணால் கண்டு வளர ஓர் இடம் வேண்டும் என்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் வாசலில், உள்ளே நின்ற மரங்களைப் பார்க்க ஆசைப்பட்ட ஐயாவையும் என்னையும் “என்ன அலுவல்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். காவலாளி தன் கடமையைத்தான் செய்தார். ஆனால் போர்க்காலத்தில் பயண அனுமதிக்குப் பாஸ் எடுத்து ஊர் கடந்த, 2009இல் அகதி முகாமில் கூடாரத்தின் வெக்கையில் மாதக்கணக்காகக் கிடந்த ஒரு மனிதரிடம், மரநிழலில் நிற்பதற்கும் ஓர் அலுவல் வேண்டும் என்று கேட்டதை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. மாலையில் வயதானவர்கள் காரணமின்றிப் போய் உட்காரக்கூடிய நிழலான பொது இடங்கள் நம் ஊர்களில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஊர் திரும்பியபின் படங்களை எல்லாம் ஐயாவுக்குக் காட்டினேன். நீர் திறந்துவிடும் துருசு எங்கே, மிகுநீர் வழியும் வான் எங்கே என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, இங்கே செய்வதாக இருந்தால் முதலில் கரையோரம் மருது வைக்க வேண்டும், அதன் வேர்தான் குளக்கட்டைப் பிடிக்கும் என்றார். கன்றுகளுக்கு எங்கும் அலையத் தேவையில்லையாம். எங்கள் குளத்து மருதுக்குக் கீழே விதை கொட்டிக் கிடக்கிறதாம், கேட்டால் தானே பொறுக்கித் தருவாராம்.