எதிர்காற்று நல்லது, ஆனால் வீசியடிக்கும் காற்று வேறு

"காற்று பலமாக இருந்தால் சிறிய விமானம் சீக்கிரம் எழும்பும், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. சீராக வீசும் எதிர்காற்றுக்கு அது பொருந்தும். விட்டுவிட்டு அடிக்கும் காற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஆடி மாதத்தில் பெங்களூரு ஜக்கூர் சிறு விமானத் தளத்தில், காற்றின் திசையும் பலமும் காட்டும் ஓடுபாதையோரக் காற்றுப்பையைப் பாருங்கள். விறைத்து நிற்கும், அடுத்த நொடி துவண்டு தொங்கும். அந்த ஒரு நொடிதான் ஆபத்து. செஸ்னா 172 என்ற சிறிய விமானம், எதிரே வரும் காற்றோடு ஒப்பிட்டால் மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. வேகத்தில் தரையை விடுகிறது. எதிர்காற்று சட்டென்று 25 கி.மீ. குறைந்தால் இறக்கைக்கு மிஞ்சுவது 75. இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடிப்புகளை (flaps) இறக்காத நிலையில் 90க்குக் கீழேயே இறக்கை தூக்கும் திறனை இழந்துவிடும். மீட்க உயரமும் இல்லை.

பக்கக்காற்று என்றால் இன்னொரு சிக்கல்: மூக்கு காற்றடிக்கும் திசைக்குத் திரும்பும், அந்தப் பக்கத்து இறக்கை மேலே எழும்பப் பார்க்கும். இந்த விமானத்தில் சோதித்துக் காட்டப்பட்ட பக்கக்காற்று 15 நாட், அதாவது மணிக்கு 28 கி.மீ.தான்.

அதனால்தான் இப்படிப்பட்ட நாளில் விமானத்தைச் சற்றுக் கூடுதல் வேகம் வரும்வரை தரையிலேயே பிடித்துவைத்து, பிறகு தயங்காமல் தூக்கச் சொல்கிறார்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் உந்துவிசையும் குறைவு, அந்த வேகத்தை எட்டக் கூடுதல் நேரம் பிடிக்கும். பயிற்சி மாணவர்களும் இதைப் படிப்பார்கள், தயவுசெய்து "பயப்பட ஒன்றுமில்லை" என்ற அந்த வரியைத் திருத்துங்கள்.